கிளிப்புக்கு அடியில்

டெவன் அருவி தெரிகிற வளைவில் மிதித்தேன்.
கால் போய்க்கொண்டே இருந்தது,
இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நம்பி
இருட்டில் வைத்த கால் மாதிரி.

ரெண்டாம் கியர், முதல் கியர், ஹேண்ட் பிரேக்.
எதிர்ப்பக்கம் வெட்டி
மலையோரக் கானுக்குள் ஒரு சக்கரத்தை இறக்கினேன்.
வண்டி நின்றது.
கருவாட்டுப் பெட்டிகள் நிற்கவில்லை.
கட்டாவும் சாளையும் நெத்தலியும்
கடலைப் பார்த்தேயிராத தேயிலைமேல்
தாவி விழுந்தன.
செபமாலை இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான்.
அதற்கப்புறம்தான் வாந்தியெடுத்தான்.

தலவாக்கலையில், குழிக்குள் இறங்கி
டோர்ச் அடித்துப் பார்த்தார் நிஸ்தார் நானா.
வெளியே தெரிகிற பைப்பெல்லாம் பரவாயில்லை.
கிளிப் கடித்துப் பிடிக்கிற இடத்தில்தான், இரண்டு அங்குலம்,
நனைந்த பிஸ்கட்.
நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.
"ஒயில் வாடையே இல்ல. உன் கருவாடுதான் தூக்குது."

கல்பிட்டியிலிருந்து
பலகை இடுக்கு வழியே சொட்டிக்கொண்டே வந்த உப்பு.
உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்.
இரும்பு தின்றது.
கினிகத்தேனைக்கு மேலே மூட்டம் ஊற்றிக் கொடுத்தது.
ஏழு வருஷம்.
நான் கழுவியதெல்லாம் முன்கண்ணாடியை.

"இரும்பே திரும்பப் போடலாம். மலிவு.
மேல பூசியிருக்கது ஒரு சட்டை,
நீ சட்டைய உப்புல தொவைக்கிற ஆள்."

செம்பு?
"கையால வளையும், துரு அண்டாது.
இந்த ரோட்டு ஆட்டத்துல நாள்பட இறுகும்,
இறுகினா ஒருநாள் கீறும்.
ப்ரிஜ்ஜுக்குப் போட்ட செம்புப் பைப்ப
ஒருத்தன் கொண்டாந்து நீட்டினான், போனமாசம்.
தயிர குளிராக்குற பைப்புடா அது,
ஆள நிப்பாட்டுறது இல்லன்னு அனுப்பிட்டேன்."

ஸ்டெயின்லெஸ்?
"நல்ல சாமான். ஆனா வாய் விரிக்க
என் டூலுக்குத் தாடை பத்தாது.
அரைகுறையா விரிச்சா மூட்டுல கசியும்.
என்னால முடியாதத முடியும்னு சொல்லமாட்டேன்."

பிறகு அலமாரிக்கு மேலிருந்து
பழைய பேப்பரில் சுற்றிய சுருள் ஒன்றை எடுத்தார்.
வெளுத்துப்போன செம்பின் நிறம்.
செம்பும் கொஞ்சம் நிக்கலும்.
விலையைச் சொன்னார்.
இரும்பைப்போல் மூன்று மடங்கு.

பின்பலகையில் வரைய ஒதுக்கிய காசு இருந்தது:
நீல அலை, வாய்பிளந்த சுறா,
சுறாவுக்குக் கீழே என் பெயர்.
நான் சுறாவையே யோசித்துக்கொண்டு நின்றேன்.

"ஸ்டியரிங்ல முடிஞ்சிருக்கியே, என்ன காசு?"
"பழைய ரெண்டு ரூவா."
"அவிழ்."

வண்டி வாங்கிய அன்று முடிந்தது.
மஞ்சள் கறுத்து, துணி விறைத்து, ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது.
காசு மங்கியிருந்தது, அவ்வளவுதான்.
நிஸ்தார் நானா சாரத்து நுனியில் தேய்த்தார்.
முகம் வந்தது.
"இதுக்கு ஒண்ணுவிட்ட தம்பிதான் இந்தப் பைப்பு."

சாமிக்கு முடிந்ததைச் சாட்சிக்கு அவிழ்த்தது
சரியோ தப்போ.
திரும்ப முடிந்துவிட்டேன், துணி மட்டும் புதுசு.

நாலு சக்கரத்துக்கும் வளைத்தார்.
ஒவ்வொரு கிளிப்புக்கு அடியிலும்
பழைய டியூபை வெட்டி ரப்பர் வைத்தார்.
"ஈரத்துல இதுவும் இரும்பும் தொட்டுக்கிட்டா சண்டை.
தோக்குறது இரும்பு."

செபமாலை மிதித்தான்.
மிதி. பிடி. விடு. மிதி. பிடி.
போத்தலுக்குள் குமிழ் வந்தது, வந்தது,
வராமல் போனது.
பெடல் பாதி வழியில் கல்லாக நின்றது.

அடுத்த நடையில், பின்பலகை வெறுமையாக,
அதே வளைவு.
முன்னால் வண்டியில்லை, மாடில்லை, ஆளில்லை.
மிதித்தேன். நின்றது.
பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னில் கையை வைத்து
என் வம்சத்தையே விசாரித்தான்.

இன்னொரு தடவை மிதித்தேன்.