இருபது தசம் ஒன்பது

ரைனில் எண்ணெய்ப் படகொன்று மூக்கைத் திருப்புகிற நேரம்
ஏழாம் தாங்கிக்குள் போனான் அடெலினோ.
இடுப்பு உயரத்தில் ஒரு ஓட்டை.
முதலில் தலை, பிறகு ஒரு பக்கம் சரித்துத் தோள்.
கடைசியாய் உள்ளே போனது
இடது சப்பாத்தின் மஞ்சள் நூல்.

என் வேலை வெளியே இருப்பது.
மடக்குக் கதிரை, திரை, ஊதல்,
ஒரு தாள்: போனவர் ஒருவர், வந்தவர் பூச்சியம்.
அவன் நெஞ்சில் கொளுவிய சின்னப் பெட்டி
அவனுக்கு முன்னால் மூச்சு விட்டுப் பார்த்து
எனக்குச் சொல்லும்:
ஒட்சிசன் இருபது தசம் ஒன்பது,
ஐதரசன் சல்பைட்டு பூச்சியம்,
எரிவாயு பூச்சியம்.

இருபது தசம் ஒன்பது.
என் கதிரையைச் சுற்றியும் அதுதான்.
துறைமுகச் சுவரில் நிற்கிற சாம்பல் நாரைக்கும் அதுதான்.
மேலாளரின் கோப்பி ஆறுகிற அறையிலும்
ஒரு புள்ளி கூட இல்லை.
முத்தென்ஸில் இவ்வளவு சரியாய்ப் பங்கிட்ட வேறொன்றை
நான் கண்டதில்லை.

இரும்புக்கு அலைகள் என்றால் பசி. விழுங்கிவிடும்.
அதனால் உள்ளே தூணில் காந்தத்தால் ஒட்டிய பெட்டி ஒன்று,
ஏணியில் ஒன்று, வாசலில் ஒன்று.
நெருப்புப் பிடித்த வீட்டுக்கு வாளி போகிறமாதிரி
கைமாறிக் கைமாறி வரவேணும்
அவன் மூச்சு.

பயிற்சியின் முதல் நாள்
ஃப்ராவ் ட்சும்ஸ்டைன் பலகையில் எழுதியது ஒரே வரி:
உள்ளே ஓடாதே.
விழுந்தவனைத் தூக்கப் போனவன் அடுத்தவன்,
அவனைத் தூக்கப் போனவன் அதற்கடுத்தவன்,
அண்ணன் தம்பி என்றால் வரிசை இன்னும் நீளும் என்றா.
கையெழுத்துப் போட்டேன், அங்கை திருச்செல்வம்,
என் இரண்டு கால்களுக்கும் சேர்த்து.

இரண்டு பன்னிரண்டுக்கு எண்கள் போயின.

சிவப்பு வந்திருந்தால்
என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்.
வந்தது சாம்பல் நிறம்.
எண் இருந்த இடத்தில் மூன்று சின்னக் கோடு.
காற்றுக் கெட்டது என்று சொல்லவில்லை.
நல்லது என்றும் சொல்லவில்லை.

ஊதினேன்.
மீட்பு அணியின் பொத்தானை அழுத்தினேன்.
ஓட்டைக்குள் அவன் பெயரைக் கத்தினேன்;
தாங்கி அதை நாலைந்தாய் உடைத்து
எனக்கே திருப்பித் தந்தது.
கால்கள் எழும்பின,
நான் சொல்லி இல்லை.
கதிரை சரிந்தது.
விளிம்பில் என் கை, இரும்பு குளிர்,
உள்ளே இருட்டில்
சரியாய் என் தலை அளவுக்கு
இடம் காலியாய் இருந்தது.

இழுத்தேன்.
என்னை நானே, பின்னால், ஜாக்கெட்டைப் பிடித்து
இன்னொருத்தியை இழுக்கிறமாதிரி.

பிறகு திரையில்
இருபது தசம் ஒன்பது.

குழாய் தட்டித் தூணிலிருந்த பெட்டி விழுந்ததாம்.
தேடி எடுத்து ஒட்டினானாம்.
வெளியே வந்து, சேறு தெறித்த கன்னத்தோடு சொன்னான்.
அதுவரை பாடிக்கொண்டிருந்தானாம்;
தாங்கிக்குள் அவன் குரல் நல்லாய்க் கேட்குமாம்.
"உனக்கு என்ன, முகம் இப்படி?" என்றான்.
அவனுக்கு உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை.

மீட்பு அணி கயிறுகளோடு வந்து கயிறுகளோடு திரும்பியது.
ரெட்டோ மட்டும் நின்று
சரிந்த கதிரையைப் பார்த்தான்,
என் கையுறையில் விளிம்பின் கறையைப் பார்த்தான்.
"சரியாய்த்தான் செய்தாய்."
எதை என்று நான் கேட்கவில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
14.12. தொடர்பு துண்டிப்பு. நாற்பத்தொரு செக்கன். காயம் இல்லை.
கால்களுக்கு அதில் கட்டம் கிடையாது.

பெட்டிகளை இரண்டாம் தரம் சோதித்தோம்.
காற்றையும்.
அவன் தண்ணீர் குடித்துப் போத்தலை என்னிடம் தந்தான்.
தலை, தோள், மஞ்சள் நூல்.
போனவர் ஒருவர் என்று எழுதி
கதிரையை நிமிர்த்தி
வாசலிலிருந்து இன்னும் ஒரு முழம்
தள்ளிப் போட்டேன்.