நான்கு நிமிடம் காலி

பதினோரு வருடமாய் இதே பாடம்,
இன்னும் எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறாய் என்கிறான்
அடுத்த அறை கன்சுக்.
முன்பெல்லாம் பதில் சொல்வேன்.

சுரங்கத்தின் பழைய ஷிப்ட் அட்டவணை,
அதன் முதுகில் நடுவே ஒரு கோடு.
இடப்பக்கம் நிமிடங்கள்.
வலப்பக்கம், எங்கே இடறும் என்பது.

இன்றைக்கு 'த'.
மங்கோலிய மொழியில் அந்த நாற்காலியே கிடையாது,
யாரை உட்காரவைத்துக் காட்டுவது?
மேஜைமேல் மூன்று சாவி என்று எழுதினேன்.
'ஏ கீ' என்றால் ஏதாவது ஒன்று.
'த கீ' என்றால்...
அந்தச் சாவி என்று எழுதிய கை நின்றது.
'அந்த' என்றால் விரல் நீட்டுவார்கள்.
விரலுக்கு வேறு சொல் உண்டு,
அது போன வாரமே முடிந்தது.

அடித்தேன்.
கோபியின் காற்று ஜன்னலை உலுக்க,
அடுப்பு இரண்டு தரம் அணைந்தபின் வந்தது:
ஒரு பூட்டும் வேண்டும்.
மூன்றில் எது திறக்கிறதோ, அதுவே 'த'.
பன்னிரண்டு நிமிடம் போட்டேன், பிறகு பதினைந்து.
வலப்பக்கம்:
தோர்ஜ்பாலம் பகலெல்லாம் லாரி ஓட்டியவர், தூங்கிவிடுவார்;
பூட்டை அவர் கையில் கொடு.
அதற்குக் கீழே:
நான்கு நிமிடம். காலி.

மாலை ஏழு. எட்டுப் பேர்,
வாசலில் கரி படிந்த பூட்ஸ்கள்.
முதல் சாவி நுழையவில்லை.
இரண்டாவது நுழைந்தது, திரும்பவில்லை.
மூன்றாவதற்குப் பூட்டு வாய் திறந்ததும்
'த கீ' என்றார் யாரோ,
நான் சொல்லித்தராமலே.

தோர்ஜ்பாலம் பூட்டை ஆட்டியபடி கேட்டார்:
"இந்தத் துக்கடா இல்லாவிட்டால் லாரி நிற்காதா டீச்சர்?"
எல்லோரும் சிரித்தோம்.
ரேடியோ அறை உரான்சிமெக் சிரிக்கவில்லை.

"ஸ்டாப் ட்ரக் என்று ஒருமுறை கத்தினேன்.
புழுதிக்குள் முப்பது லாரி.
எந்த லாரி என்று சொல்லத் தெரியவில்லை.
இருபத்தொன்பது நின்றன."

நான் தாளைப் பார்க்கவில்லை.
பார்க்க அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை,
நல்லவேளை.
அந்த நான்கு நிமிடமும் அவளுக்கு,
அதற்குமேல் ஓர் இரண்டும்.
எழுத்துப் பயிற்சியை வெட்டினேன்;
அதை வெட்டலாம் என்று
நேற்றிரவே ஓரத்தில் குறித்திருந்தேன்.

வகுப்பு முடிந்து கதவைத் திறந்தால்
கேண்டீன் பால்ஜின்யம், இடுப்பில் கை.
மதியத்திலிருந்து மாவு அலமாரி
பூட்டில்லாமல் கிடக்கிறதாம்.

நாளைய தாளில், வலப்பக்கம், முதல் வரி:
சொந்தமாய் ஒரு பூட்டு வாங்கு.