கேள்வி எண் பதினொன்று

அரையாண்டுத் தேர்வு, ஏழாம் வகுப்பு ஆ பிரிவு.
பதினொன்றாவது கேள்வியில்
நான்கே வரிக் கவிதை. எழுதியவர் பெயர் இல்லை.

இரவு,
ஊர்மேல் விழுந்த கறுப்புப் போர்வை.
அங்கங்கே கிழிசல்.
யாரோ எட்டிப் பார்க்கிறார்கள்.

கிழிசல் எதைக் குறிக்கிறது?
இரண்டு மதிப்பெண்.

நான் யோசிக்கவே இல்லை.
கவிதையில் இரவு வந்தால்
பின்னாலேயே விண்மீன் வந்துவிடும்,
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால்
தூசி வருகிற மாதிரி.
விண்மீன் என்று எழுதிவிட்டு
அடுத்த கேள்விக்குப் போனேன்.

தேசப்பன் எழுதியது: போட்டு லைட்டு.
பெனாசிர் எழுதியது: மணலி கம்பெனிக் குழாயில் எரியும் நெருப்பு.
லூர்து எழுதியது:
போர்வை கிழிந்தால் குளிரும். தைக்க வேண்டும்.

எனக்கு இரண்டு.
தேசப்பனுக்கு அரை.
பெனாசிர் பதிலின் பக்கத்தில்
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி.
லூர்து முட்டை வாங்கினான்
(சத்துணவு முட்டை அல்ல).

சாப்பாட்டு மணிக்குக் குழாயடியில் தட்டு கழுவும்போது
அவன்தான் ஆரம்பித்தான்.
"ராத்திரி எப்டிடா போர்வையாவும்?
போர்வைன்னா தொவச்சிக் காயப்போடலாம்.
ராத்திரிய எந்தக் கொடில போடுவ?"

"நேத்து மேட்ச்ல
நம்ம கோலிய செவுருன்னு சொன்னியே" என்றான் தேசப்பன்,
"அவன்மேல போஸ்டரா ஒட்டுன?"

"அது வேற."
எது வேற என்று
மணி அடிக்கும்வரை லூர்து சொல்லவில்லை.

தேசப்பனுக்கு அந்த அரைதான் ஆறவில்லை.
"வானத்துல இருக்கறதும் மீனுதானே?
லைட்டு இல்லாம எப்டிப் புடிப்பாங்களாம்?"
காசிமேட்டு ஏலத்தில் அவன் அம்மா
"வஞ்சிரம் இன்னிக்குத் தங்கம்!" என்று கத்துவார்.
யாரும் உரசிப் பார்ப்பதில்லை.
விலை புரிந்துவிடும்.
அதற்கு யாரும் மதிப்பெண் போடுவதுமில்லை.

பெனாசிர் சண்டைக்கே வரவில்லை.
"எங்க ஜன்னல்ல அதான் தெரியும்" என்றாள்.
கொஞ்சம் கழித்து, தட்டைத் துடைத்துக்கொண்டே,
"சின்ன வயசுல ஊதிப் பார்த்திருக்கேன். அணையல."

பிறந்தநாள் என்று அவள் சொல்லவில்லை.
மெழுகுவத்தி என்றும் சொல்லவில்லை.
எனக்கு இரண்டும் தெரிந்தது.

அன்று ராத்திரி எட்டரைக்கு
எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
ஹவுசிங் போர்டு மொத்தமும் மொட்டை மாடிக்கு ஏறியது,
விசிறி, செல்போன், அழுகிற குழந்தை எல்லாவற்றோடும்.

நான் மேலே பார்த்தேன்.
இரண்டு மதிப்பெண் வாங்கியவள்
ஒரு விண்மீனையாவது பார்த்து வைக்க வேண்டாமா?
புகைக்கு நடுவில் மூன்று எண்ணினேன்.
அதில் ஒன்று விமானம்.

கடல் பக்கம் கோடே இல்லை.
வானம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.
அந்த இருட்டில் ஏழெட்டுப் புள்ளி.
ஆடுவது படகு.
ஆடாதது நங்கூரம் போட்ட கப்பலா, மீனா?
தேசப்பனுக்கு ஒன்றரையாவது போட்டிருக்கலாம்.

மேற்கே மணலியில்
அது எரிந்துகொண்டுதான் இருந்தது.
போர்வையில் பீடி பட்ட ஓட்டை,
ஓரம் சிவந்து, இன்னும் பரவுகிற ஓட்டை.
மூக்குக்கு முதலில் தெரிந்து
அப்புறம்தான் கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை.
அதன் வழியாக யார் பார்க்கிறார்கள்?
கேள்வித்தாள் அதைக் கேட்கவே இல்லை.
கிழிசலை மட்டும்தான் கேட்டது.

பத்தரைக்குக் கரண்ட் வந்தது.
ஊர் முழுக்க ஒரே கூச்சல்.
மேலே இருந்த இரண்டும் போய்விட்டன.

கீழே வீட்டில்
தம்பி தலையோடு இழுத்துப் போர்த்தித் தூங்குகிறான்.
கால்மாட்டில் போர்வை நைந்து
கட்டைவிரல் ஒன்று
எட்டிப் பார்க்கிறது.

லூர்து சொன்னதும் சரிதான்.
தைக்க வேண்டும்.