இடம்புரி மரை

கச்சான் எழும்பி ஒன்பது நாள்.
வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடக்க
எங்கள் வீட்டுக் கூடத்தில்
ஒரு சைக்கிள் தலைகீழாய் நின்றது.

மஃரூபா பதினொன்றாவது படிக்கையில்
பள்ளிக்கூடத்தில் கொடுத்தது.
கூடையைக் கோழி எடுத்துக்கொண்டது.
நிறம் நீலம் என்றால் நம்பத்தான் வேண்டும்.
உப்புக் காற்று தின்றிருந்தது அதை,
ஓரத்திலிருந்து தொடங்கி,
அவசரமே இல்லாமல்.

மட்கார்டு போனது. செயின் கவர் போனது.
ஸ்டாண்டு, கேரியர், மணி.
டைனமோ இருந்த இடத்தில் ஒரு தழும்பு.
புளிக்கரைசலில் சாக்கை நனைத்து
ஃபிரேமைச் சுற்றி வைத்தேன்.
இரண்டு நாள் வீடெல்லாம்
ஆணமும் துருவும் சேர்ந்து மணந்தது.
உம்மா ஒன்றும் சொல்லவில்லை,
புளிப்பானையை மட்டும் உயரத்தில் வைத்தாள்.

ஹப் கொரியரில் வந்தது.
விலை இருபத்திரண்டு சங்கு, நல்ல பருமனில்.
அதில் முப்பத்தாறு துளை,
பழைய ரிம்மில் நாற்பது.
ஆக ரிம்மும் புதிது. இன்னும் ஒன்பது சங்கு.
ஃபோர்க்கில் தங்கூசி கட்டி
சக்கரத்தைச் சுழற்றி
எங்கே உரசுகிறதென்று காதை வைத்துக் கேட்டேன்.
கம்பிக்குக் கம்பி, கால் திருகு, அரைத் திருகு.

பிறகு பல்சக்கரம். அதை நெரித்துப் பிடிக்க
ஒரு சின்ன வளையம்.
அது பிடிக்கவே இல்லை.
லுஹர் பாங்கிலிருந்து அஸர் பாங்கு வரை
வலப்பக்கமே திருகினேன்.
"ஒங்க மவனுக்கு மரை கழண்டிரிச்சா?"
பக்கத்து வீட்டு ஜமீலத்து வாசலிலிருந்தே கேட்டுப் போனாள்.

வேலை முடிந்து பஸ்ஸில் வந்த மஃரூபா
பையைக்கூட இறக்காமல்
வளையத்தை இடப்பக்கம் திருப்பினாள்.
கவ்விக்கொண்டது.
"இடம்புரி" என்றாள்.
"சங்கெடுக்கிறவனுக்கு இது தெரியாதா?"

ஆயிரம் சங்கில் ஒன்று வலம்புரி என்பார்கள்.
ஆயிரம் மரையில் ஒன்று இடம்புரி போலிருக்கிறது.
இரண்டையும் தொட்டவன் நான் என்று
சொல்லிக்கொள்ள ஆசைதான்.
வலம்புரி விஷயத்தில் அது பொய்.

பின்னுக்கு மிதித்தால் பல் கழலப் பார்க்கும்.
கழலக் கழல வளையம் இறுகும்.
இதை யோசித்தவன்
வீட்டில் நிறையச் சண்டை பார்த்திருக்க வேண்டும்.

பொழுது சாயுமுன் முத்துப்பேட்டைப் பக்கம் விட்டேன்.
காற்று முதுகில்.
இந்த வண்டியில் சும்மா போதல் கிடையாது.
சக்கரம் சுற்றும்வரை கால் சுற்றும்.
வளைவில் ஆடுகள் குறுக்கே வர
பழைய பழக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினேன்.
கால் நின்றது. சைக்கிள் நிற்கவில்லை.
முழங்காலைப் பிடித்து யாரோ தூக்கி எறிந்ததுபோல.
ஒரு செருப்பு உடங்காட்டுக்குள்.
ஆடு மேய்த்தவர் சிரிக்கவில்லை.
"செயின் இறுகிப்போச்சு தம்பி,
எண்ணெ போடு" என்றார்.

ஆறு பாகத்தில்
சங்கைப் பையில் போட்டு அண்ணாந்து பார்க்கும்போதும்
கால் நிற்கக் கூடாது.
ஆனால் அங்கே உதைப்பது நான்.
இங்கே
என் கால் எனக்கு முன்னால் போய்விட்டது.

திரும்பும்போது கச்சான் முகத்துக்கு நேரே.
கொஞ்ச தூரம் இறங்கி உருட்டினேன்,
இதை வீட்டில் சொல்லவில்லை.
உருட்டும்போதும் பெடல் சுற்றி
கெண்டைக்காலில் இரண்டு தரம் இடித்தது.

மஃரூபா வாசலில் நின்றிருந்தாள்.
காலைப் பார்த்தாள், ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள்.
"முன்னால ஒரு பிரேக் போடு.
போட்டுட்டு எனக்குத் திருப்பிக் கொடு.
அது என் சைக்கிள்."

விளக்கணைத்த பிறகு
மண்ணெண்ணெய் டப்பாவிலிருந்து
பழைய ஃப்ரீவீலை எடுத்து விரலில் சுற்றினேன்.
டிக் டிக் டிக்.
சும்மா போவதற்கென்றே செய்த சாமான்.
உள்ளே எங்கோ ஒரு குருணை மணல் நறநறத்தது.
டப்பாவிலேயே போட்டு மூடினேன்.
காற்று இன்னும் இறங்கவில்லை.