லாம்

இராயக்கோட்டைச் சாலையில் செண்டுமல்லி கொட்டிக் கிடக்கிறது.
கிலோ நாலு ரூபாய், பறிகூலிக்கே கட்டாது என்று
டெம்போவின் பின்கதவைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
பஸ் அதன்மேல் ஏறித்தான் வந்தது.
மஞ்சள் டயரோடு வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

என் வேலை இவ்வளவுதான்:
தாடையை இங்கே வையுங்கள்,
பச்சைப் புள்ளியைப் பாருங்கள்,
இமைக்காதீர்கள்.

கெலமங்கலம் நாகவேணி, வயது இருபத்து நாலு.
ஓசூரில் செல்போன் கம்பெனி, ராத்திரி ஷிப்ட்.
திரையில் கீறல் தேடும் வேலை.
ஒரு ராத்திரிக்கு எண்ணூறு திரை.
"நீல வெளிச்சம் கண்ணைத் தின்னுதாம்,
போன்லயே போட்டிருந்தான்."

நீல விளக்கில் ஒரு படம் எடுத்தேன்.
விழித்திரை முழுக்க வெளுத்த சாம்பல்.
நட்டநடுவில் மட்டும்
கருவேப்பிலைத் தாளிப்பில் விழுந்த கடுகுபோல் ஒரு கறுப்பு.
பயந்துவிட்டாள்.

அது ஓட்டை இல்லை நாகவேணி.
அங்கே மஞ்சள் இருக்கிறது.
வருகிற நீலத்தை அது விழுங்குகிறது,
அதனால் இருட்டு.

"எனக்குள்ள மஞ்சளா? யார் வெச்சது?"

நீதான். உடம்புக்கு அதைச் செய்யத் தெரியாது.
களிக்குத் தொட்டுக்கொண்ட கீரை,
முட்டையின் கரு, சுட்ட சோளக்கதிர்,
கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்தால் நன்றாக ஏறும்.
மாத்திரையாகவும் விற்கிறார்கள்,
செண்டுமல்லியிலிருந்து எடுத்து.

சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.
"நேத்து எங்கப்பா ரோட்டுல கொட்டினாரே, அதுவா?"
அட்டை என்ன விலை என்றாள். முந்நூற்று எண்பது.
சீட்டின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தாள்:
தொண்ணூற்றைந்து கிலோ.
சிரிப்பு அங்கே நின்றது.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை.
எரிச்சல் நீலத்தால் இல்லையம்மா,
நீ இமைக்க மறக்கிறாய் என்றார்.
அந்த மஞ்சள்? காக்கலாம் என்றார்.
காக்கும் என்று சொல்லவில்லை.

லாம்.
மழை வரலாம் என்கிறோம், மேகத்தை நம்பாமல்.
உள்ளே வரலாம் என்கிறோம், கதவைத் திறந்து.
சாப்பிடலாம் வா என்கிறோம், தட்டை வைத்துவிட்டு.
டாக்டர் சொன்னது முதல் லாம்.
அவள் எதைக் கேட்டாளோ.

"போலாமா சார்?"
போகலாம்.

வாசலில் நின்று
வெயிலைப் பார்த்து, வேண்டுமென்றே,
ஒன்று, இரண்டு என எண்ணி இமைத்தாள்.
நாள் முழுக்க இமைக்காதே என்று சொல்கிறவன்
உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம்.
பூக்கள் பழுப்பாகிவிட்டன.
ஒரு மாடு மட்டும் நின்று
நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.
எதிரே வந்த லாரியின் வெள்ளை விளக்கு
அதன் கண்ணில் பட்டுப் பச்சையாய்த் திரும்பியது.