நான்கு நொடி

அயனாவரம் பஸ் டிப்போவுக்குப் பின்னால்
ஜெராக்ஸ் கடை மாடியில்
சனிக்கிழமை ராத்திரி பூமி அழியும்.
மாதம் ரெண்டு தடவையாவது அழியும்.

கடைக்காரர் தெய்வசிகாமணி
மூர் மார்க்கெட்டில் எடைக்கு வாங்கிய விசிடிகள்.
கீறல் விழுந்தவைதான் அவருக்குப் பிடிக்கும்.
படம் விழுகிற சுவரில்
மழை இறங்கி ஓதம் பூத்த ஓர் இடம்
எல்லாப் படத்திலும்
ஒரு கூடுதல் கிரகம்.

இன்றைய படம்
கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்து
பாதியில் காசு தீர்ந்து
மீதியைக் கறுப்பில் மட்டும் எடுத்தது.

கவிழ்த்த டபரா ஒன்று
நைலான் நூலில் ஆடியாடி இறங்குகிறது.
"நூல் தெரியுது" என்கிறான் சைலஸ்.
"அது நூல் இல்லப்பா, கேபிள் கனெக்‌ஷன்.
மாசம் நூத்தம்பது" என்கிறார் தெய்வசிகாமணி.
டபராவிலிருந்து எட்டு வேற்றுகிரக வீரர்கள்,
தலையில் குளியல் தொப்பி, காலில் ரப்பர் செருப்பு.
கடைசி ஆள் கழன்று விழுந்த கொம்பைக்
குனிந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.
"வுட்டா சம்பளத்துல புடிப்பாங்க."

மின்வாரியத்தில் பதினாறு வருஷம்
குப்பை கொட்டுகிறவன் நான்.
விண்கலத்துக்குள் கேமரா போனதும்
எழுந்தே நின்றுவிட்டேன்.
"யோவ், அது த்ரீ பேஸ் மீட்டர்!
சீல் உடைச்சிருக்கு.
செவ்வாய்க்காரனுக்கு ஃபைன் போடணும்."
வீட்டிலோ ஆபீசிலோ
யாரும் சிரித்ததில்லை இப்படி என் பேச்சுக்கு.

நல்ல படமென்றால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.
இது அப்படியில்லை,
நகர்ந்து உட்கார்ந்து நமக்கும் இடம் தருகிறது.

எங்களில் கெட்டிக்காரி வாகிதா.
ராட்சதப் பல்லி எல்.ஐ.சி. கட்டடத்தை மிதிக்க வந்தபோது
"பாலிசி எடுத்துட்டியா?" என்று கேட்டவள்.
ஆஸ்பத்திரி வேலை கிடைத்துப்
போன வருஷம் டப்ளினுக்குப் போய்விட்டாள்.
அவள் போன பிறகு சில வாரம்
நாங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்து
ஓர் இடத்தில் நிறுத்துவோம்.
அங்கே அவள் ஏதோ சொல்லியிருப்பாள்.
திரையில் ரோபோ மட்டும்
தகர டப்பா உருட்டிக்கொண்டு நடக்கும்.

இப்போது தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து
சுவரைப் பார்க்க வைத்துவிடுகிறோம்.
அவளிடம் படம் போய்
அவள் குரல் திரும்பி வர
நான்கு நொடி ஆகும்.
விஞ்ஞானி ராக்கெட்டுக்குப் போல்ட் போடும்போது
அவள் சொன்ன
"நல்லா முறுக்கிக் கட்டுய்யா, பாதி வழியில கழண்டுடும்"
கதாநாயகி கழுத்தில் தாலி ஏறும்போது வந்து விழும்.
சைலஸ் பாயில் உருளுவான்.
அங்கே என்ன சிரிப்பு, என்ன சிரிப்பு என்று
அவள் கேட்பதும்
அடுத்த காட்சியில்தான் கேட்கும்.
அதற்கும் சிரிப்போம்.

பூமி வெடிக்க ஏழு நொடி.
விஞ்ஞானி கடிகாரத்தைப் பார்க்கிறார்,
நெற்றி வேர்வையில் ஒட்டுமீசை நழுவுகிறது,
ஆறு, ஐந்து,
கரண்ட் போய்விட்டது.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
இருட்டில் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.
பார்த்தார்கள்.

போனிலிருந்து வாகிதா,
இன்னும் வெளிச்சத்தில் இருக்கிறவள்,
"இந்த நேரம் பார்த்து கரண்ட் போனா
எப்படி இருக்கும்!" என்றாள்.

யாரும் வாய் திறக்கவில்லை.
டிப்போவில் கடைசி வண்டி
ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்.
பிறகு எங்கள் இருட்டு
அவளுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.
"ஹலோ? ஹலோ?
பூமி இருக்கா?"

"இருக்கு இருக்கு" என்றான் சைலஸ்
தொடையில் ஒரு கொசுவை அடித்தபடி.

அது அங்கே போய்ச் சேரும்வரை
காத்திருந்தோம்.