ஃபெரிட்டின் ஏழு

நானூறு வளைவு ஏறினால் சிலாவோஸ்.
பேருந்தில் வருகிறவர்கள்
முந்நூறாவது வளைவில் வாந்தி எடுப்பார்கள்.
நீ ஓடியே வருவாய், மேலிஸ்.
காலணிச் சேற்றோடு என் நாற்காலியில் உட்கார்ந்து
கை நீட்டுவாய்.

மேலிஸ் வேலாயுதோன்.
ரத்தக் குழாயில் ஒட்டும் சீட்டில் எழுதும்போதெல்லாம்
கடைசி எழுத்தில் என் பேனா தட்டும்.
எந்தக் குமாஸ்தா ‘ம்’மை ‘ன்’னாக்கினானோ.
காரைக்காலாயிருந்தால் வேலாயுதம் மகளே என்றிருப்பேன்.
இங்கே பொன்ஜூர். அவ்வளவுதான்.

நரம்பு தேட வேண்டியதில்லை உன் கையில்.
ஒட்டிய தோலுக்கடியில்
நீலக் கயிறு தானே எழும்பும்.
முடிவு வந்தது சாயங்காலம்:
ஹீமோகுளோபின் பன்னிரண்டுக்குப் பக்கத்தில்,
ஃபெரிட்டின் ஏழு.

“ஏழா? பந்தய எண்ணாகக் கிடைத்திருக்கலாம்”
என்று சிரித்தாய்.
படியேறி வந்தவள் போல மூச்சு வாங்கியது,
சிரித்ததற்கே.

கடை திறந்திருக்கிறது, பெண்ணே.
அலமாரியில் சரக்கு தெரிகிறது.
பின்னால் கிடங்கில்
எலி ஓடுகிற சத்தம்.

எங்கே போயிற்று என்று கேட்டாய்.
கொஞ்சம் வியர்வையில்.
கொஞ்சம் உன் பாதத்தடியில்:
இறக்கத்தில் நீ வைக்கும் ஒவ்வோர் அடியிலும்
சிவப்பணு சில நசுங்கிச் சாகின்றன,
சத்தமில்லாமல்.
கொஞ்சம் மாதாமாதம்...
“அது நின்று ஐந்து மாதம்” என்றாய்,
ஏதோ கடனடைத்தவள் போல நிம்மதியாய்.

அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தேன்.

ஒரு கிலோ குறைந்தால் மேட்டில் ஒரு நிமிடம் மிச்சம்
என்கிறாராம் மொசியே தெஷேர்.
தினம் காலை தராசில் ஏற்றி
நோட்டில் குறிக்கிறாராம்.
அவர் வயிற்றை நான் பார்த்திருக்கிறேன்,
அதில் பத்து நிமிடம் இருக்கும்.

உன்னைச் சுற்றி நிற்கிற மலை முழுக்க இரும்பு.
மழை பெய்தால் பாதையே துருவாய் வழிகிறது,
உன் காலுறையில் கறையாய் ஏறுகிறது.
கறையாகத்தான் ஏறுகிறது.

மாத்திரை கொடுத்தார் டாக்டர்.
மூன்றாம் நாள் வந்து
கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாய், கறுப்பாய்ப் போகிறது என்று.
போகும், பயப்படாதே என்றேன்.
மாத்திரை விழுங்கிய கையோடு காப்பி குடிக்கிறாயா என்றேன்.
குடிக்கிறேன் என்றாய். குடிக்காதே என்றேன்.
இந்த ஊர்ப் பருப்பை ஒரு தட்டு சாப்பிடு,
எலுமிச்சை பிழிந்து, சோற்றோடு,
சோற்றோடு என்றேன் இரண்டாம் முறை.
சோறு என்றதும் உன் கண் தராசைத் தேடியது.
சுவரோரம் நின்றது அது. துணி போட்டு மூடினேன்.

அக்டோபர் பந்தயத்தில் நீ இல்லை.
நீ இல்லாமலும் விளக்குகள் வரிசையாய் இறங்கின
இரவு முழுக்க மலையிலிருந்து.
மைதானக் கூடாரத்தில், பெரிய இரும்புச் சட்டிக்குப் பின்னால்
கம்பளிக் குல்லாவோடு நீ,
வருகிறவர்க்கெல்லாம் பருப்பு ஊற்றிக்கொண்டு.
நான் கொப்புளம் கட்டிக்கொண்டிருந்தேன்.
நேரங்களை நீ கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாய்.

விடியற்காலை மூன்றரைக்கு ஒருத்தி வந்தாள்,
சென்ட்-ரோஸ் பக்கத்துப் பெண்,
உதடு சுண்ணாம்பாய்.
காப்பி மட்டும் போதும் என்றாள்.
கரண்டியை வைத்துவிட்டு
அவள் கன்னத்தைப் பிடித்தாய்.
கட்டைவிரலால் கீழிமையை இழுத்து
நெற்றி விளக்கில் பார்த்தாய்,
நான் உனக்குப் பார்த்த மாதிரியே.

என்ன செய்கிறாய் என்று கையைத் தட்டிவிட்டாள்.
காப்பியை நின்றபடி குடித்தாள்.
தைபித் கணவாய்ப் பக்கம் போயே போனாள்.

நீ அவள் எண்ணை மணிக்கட்டில் எழுதிக்கொண்டாய்.
பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து,
சட்டியோரம் ஒட்டியிருந்த பருப்பைச் சுரண்டி
ஒரு கரண்டி.
இன்னொரு கரண்டி.

நான் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.